தமிழ் நாவல் ஏன் நகர மாட்டேன் என்கிறது? வாசிப்பு வேகம் பற்றி ஒரு வழிகாட்டி

ஆங்கில மீடியத்தில் படித்து, முப்பது வயதுக்கு மேல் தமிழ்ப் புத்தகம் வாசிக்கலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் இரண்டு பை நிறைய வாங்கி வருவார்கள். முதல் புத்தகத்தில் நாற்பதாவது பக்கம் வரை போவார்கள். அதற்கு மேல் நகராது. கேட்டால், "கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா ரொம்ப மெதுவாப் போகுது" என்பார்கள். பல நேரம் மெதுவாகப் போவது அவர்களுடைய கண்தான். பழி கதை மேல் விழுகிறது.

இந்தக் கட்டுரை அவர்களுக்காக. பள்ளியில் தமிழ் நன்றாகவே படித்து, அப்புறம் பல வருடம் கைபேசித் திரையில் மட்டும் வாசித்துப் பழகி, இப்போது புத்தகத்துக்குத் திரும்புகிறவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். மெதுவாக வாசிப்பதில் இரண்டு வகை உண்டு. எழுத்தும் சொல்லும் தடுக்கி மெதுவாவது ஒன்று. பிடித்துப்போய், ஒரு பத்தியில் நின்று, இன்னொரு தடவை வாசித்துப் பார்த்து மெதுவாவது மற்றொன்று. முதலாவதைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவதில் கை வைக்கவே கூடாது. கீழே சொல்லப்போகிற எல்லாம் இந்தப் பிரிவினையை வைத்துத்தான்.

1. கண்ணையும் வெளிச்சத்தையும் பாருங்கள்

நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது. புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்தால்தான் எழுத்து தெளிகிறது என்றால் சாளேஸ்வரம் எட்டிப் பார்க்கிறது, கண் மருத்துவரிடம் போங்கள். தமிழில் மெய்யெழுத்துக்கும் உயிர்மெய்க்கும் உள்ள வித்தியாசம் தலைமேல் ஒரு சின்னப் புள்ளி. அந்தப் புள்ளி மங்கலாகத் தெரிந்தால் கண் சொல்லை ஊகிக்கிறது, ஊகம் தப்புகிறது, திரும்பி வந்து மறுபடி வாசிக்கிறது. இதைப் போய் "எனக்குத் தமிழ் மறந்துபோச்சு" என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சம் குறைவாக இருந்தால் ஒரு மேசை விளக்கு. அவ்வளவுதான், மேலே போகலாம்.

2. மணிக்கு எத்தனை பக்கம் என்று அளந்துகொள்ளுங்கள்

வாசிப்பு வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று சொல்வது ஆங்கிலத்தில் வழக்கம். பெல்ஜியத்தைச் சேர்ந்த உளவியலாளர் மார்க் பிரைஸ்பேர்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் ஒரு கணக்கு வெளியிட்டார்: ஆங்கிலத்தை மனதுக்குள் வாசிக்கும் பெரியவர்கள் சராசரியாகக் கட்டுரை நூல்களில் நிமிடத்துக்கு 238 சொல், கதைகளில் 260 சொல். இந்த எண்ணைத் தமிழுக்கு அப்படியே வைத்துப் பார்த்து நொந்துகொள்ள வேண்டாம். தமிழில் வினையும் காலமும் ஆளும் ஒட்டிக்கொண்டு நிற்கும். "பார்த்துக்கொண்டிருந்தார்களாம்" என்பது கணக்கில் ஒரே ஒரு சொல். அதே கதையைச் சொல்லத் தமிழுக்குச் சொற்கள் குறைவாகத் தேவைப்படும். ஒவ்வொன்றும் நீளமாக இருக்கும்.

நமக்குப் பக்கக் கணக்கு போதும். கையில் இருக்கும் நாவலில், கதை ஓரளவு பிடிபட்ட ஓர் இடத்தில், ஐந்து பக்கம் வாசியுங்கள். கடிகாரத்தைத் தொடங்கும்போது ஒரு முறை, முடிக்கும்போது ஒரு முறை மட்டும் பாருங்கள். வேகமாக வாசித்துக் காட்ட முயல வேண்டாம், யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. ஐந்து பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் என்றால் மணிக்கு இருபது பக்கம். அதே மாலையில் ஓர் ஆங்கில நாவலிலும் இதைச் செய்து பாருங்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் போய்த் தமிழில் மட்டும் திணறினால் பிரச்சினை பழக்கத்தில் இருக்கிறது. இரண்டிலும் திணறினால் மனம் ஓர் இடத்தில் நிற்பதில்லை என்று பொருள்; அதற்கு வைத்தியம் வேறு, கைபேசியை வேறு அறையில் வைப்பதில் அது தொடங்குகிறது.

எவ்வளவு வேகம் போதும்? என் அனுபவத்தில், வழக்கமான நாவல் அளவுப் புத்தகத்தில் மணிக்கு இருபத்தைந்து பக்கம் வந்துவிட்டால் அநேகமாக எந்த நாவலும் ஓடும். அதற்கு மேல் வேகம் கூடுவதால் ரசனை கூடுவதாகத் தெரியவில்லை. மணிக்குப் பத்துப் பக்கத்துக்கும் கீழே என்றால் நல்ல நாவலும் இழுக்கும்.

ஏன் இழுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் எச்சங்கள் ("போய்", "நின்று" போல முடியாமல் நிற்கும் வினைகள்) வரிசை கட்டி நிற்கும். இதைப் பாருங்கள்: "கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் கடையில் நின்று தேங்காய் வாங்கிக்கொண்டு, பிள்ளைக்குச் சொன்ன மிட்டாயை மட்டும் மறந்துவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அப்பாவுக்கு அது நினைவுக்கு வந்தது." போனது யார், வாங்கியது யார் என்பது வாக்கியம் முடியப் போகும்போதுதான் தெரிகிறது. அதுவரை அத்தனையையும் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். சரளமாக வாசிப்பவருக்கு இது சில விநாடி வேலை, சுவாரஸ்யமும்கூட. எழுத்துக் கூட்டி வருபவர் "அப்பாவுக்கு" வந்து சேரும்போது கோயில் மறந்துபோயிருக்கும்.

3. எங்கே தடுக்குகிறது என்று கண்டுபிடியுங்கள்

வாசிக்கும்போது கண் வரியின் மேல் சீராக ஓடுவதில்லை. ஓர் இடத்தில் கிட்டத்தட்ட கால் விநாடி நிற்கும், அடுத்த இடத்துக்குத் தாவும், அங்கே நிற்கும். நன்றாக வாசிப்பவர்களின் கண்கூடப் பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னால் போகிறது. பின்னால் போவது கெட்ட பழக்கம் என்று சொல்வார்கள். புரியாததைச் சரிபார்க்கும் வழி அது. ஆனால் வரிக்கு வரி பின்னால் போனால் எதுவோ தடுக்குகிறது.

அது எது என்று தெரிய, ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள், தனியாக இருக்கும்போது. நாக்கு நிற்கும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள் (நூலகப் புத்தகம் என்றால் ஒரு தாளில்). ஒரு பக்கம் முடிந்ததும் குறிகளைப் பாருங்கள்.

எழுத்தே தடுக்கினால் அது பழைய பதிப்பாக இருக்கலாம். கிளை நூலகத்தில் எடுத்த புத்தகங்களில் இது அடிக்கடி நடக்கும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணையிடும் முன் சில எழுத்துகள் வேறு வடிவில் இருந்தன. ண, ல, ள, ன நான்கும் ஐகாரம் ஏறும்போது முன்னால் ஒரு கொம்பு வளைந்து எழுத்தோடேயே ஒட்டியிருக்கும். ணா, றா, னா மூன்றிலும் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தின் வால் கீழே சுழித்துக்கொண்டு போகும். பெரியார் 1935லேயே குடி அரசு இதழில் புதிய வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார் என்றாலும், பெரும்பாலான அச்சகங்கள் பழைய எழுத்தைத்தான் கோத்தன. வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் இந்த ஏழு எழுத்துகளையும் ஓர் அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த அட்டையையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். சில நாளில் பழகிவிடும். பழகாவிட்டால் புதிய பதிப்பு வாங்குங்கள், குற்றமில்லை.

பேச்சு வழக்கு தடுக்கினால் அதற்குக் காதுதான் மருந்து. "அவிய வந்தாவளா?" என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்தால் நிற்பீர்கள், வாய்விட்டுச் சொன்னால் தெற்கத்திக் குரல் கேட்டுவிடும், பொருளும் கூடவே வரும். யாழ்ப்பாணத்து "அவையள் வந்தவையோ?"வும் அப்படித்தான். ஒவ்வொரு எழுத்தாளரும் தன் ஊர்ப் பேச்சை ஒரு விதமாக எழுதுவார், முதல் முப்பது பக்கம் மெதுவாகப் போகத்தான் செய்யும். அந்த முப்பது பக்கத்தை வைத்து நாவலை எடை போடாதீர்கள். கோவைக்காரருக்கு நாஞ்சில் நாட்டு நாவலில் முதலில் இதே திணறல்தான், அவர் பள்ளியில் தமிழில் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும்.

தெரியாத சொல் தடுக்கினால், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரை ஊகித்துக்கொண்டு போய்விடுங்கள். அதே சொல் மூன்றாவது முறை வந்தால் அகராதி பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எழுந்து போகிறவர் நாவலை முடித்து நான் பார்த்ததில்லை. பக்கத்துக்குப் பத்துச் சொல் தெரியவில்லை என்றால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

சொல்லும் சொல்லும் புணர்ந்து நிற்பதால் தடுக்குகிறது என்றால் நீங்கள் பழைய உரைநடையோ செய்யுளோ வாசிக்கிறீர்கள். இந்தத் தடையை நம் பதிப்பாளர்களே உணர்ந்திருந்தார்கள். மர்ரே எஸ். ராஜம் 1950களில் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து, சாதாரண வாசகர் கண்ணுக்குச் சொல் சொல்லாகத் தெரியும்படி மலிவுப் பதிப்புகளாகக் கொண்டுவந்தார். இன்றும் செய்யுள் வாங்கும்போது பதம் பிரித்த பதிப்பா என்று உள்ளே புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

4. முதல் புத்தகத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

எல்லோரும் தொடங்குவது ஐந்து பாகச் சரித்திர நாவலில். எனக்கு அது சரியாகப் படவில்லை, அந்த நாவல்கள் கடினம் என்பதால் இல்லை, நீளம் என்பதால். மணிக்குப் பன்னிரண்டு பக்கம் போகிறவர் இரண்டாயிரம் பக்கத்தை எடுத்தால் நூற்று அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினம் அரை மணி நேரம் என்று வைத்தால் ஒரு வருடத்தைத் தின்றுவிடும். பாதியில் கைவிட்டால் "நமக்கு வராது" என்று ஒரு முத்திரை விழுந்துவிடும்.

சிறுகதைத் தொகுப்பு எடுங்கள். ஏழெட்டுப் பக்கத்தில் ஒன்று முடியும். அன்றைக்கே முடித்த திருப்தி கிடைக்கும். அப்புறம் நூறு, நூற்றைம்பது பக்கக் குறுநாவல். கடையில் எடுக்கும்போது நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, நின்றபடியே முழுதாக வாசித்துப் பாருங்கள். பின்னட்டை வாசகத்தை நம்ப வேண்டாம். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் படைப்புகளைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன. ஒரே கதை ஒன்றில் நெருக்கி அச்சிட்டும் இன்னொன்றில் தாராளமாக இடைவெளி விட்டும் இருக்கும். ஐம்பது ரூபாய் கூடுதலானாலும் இரண்டாவதை வாங்குங்கள். செலவே வேண்டாம் என்றால் மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998 முதல் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தந்துவருகிறார்கள். திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது தொடங்குகிறவர்களுக்குப் பெரிய வசதி.

5. ஒரு மாதம், தினமும் இருபது நிமிடம்

வேகம் பயிற்சியால் கூடுகிறது. பயிற்சி என்றால் வாசிப்பதுதான், வேறு தனிப் பயிற்சி எதுவும் இல்லை. அடிக்கடி பார்த்த சொல்லைக் கண் எழுத்தெழுத்தாகப் பிரிப்பதில்லை, மொத்தமாக அடையாளம் கண்டுகொள்கிறது. நிறையச் சொற்களுக்கு அப்படி ஆவதுதான் சரளம்.

முதல் வாரம் மட்டும் ஒரு சின்ன உதவி: அன்றைய வாசிப்பின் முதல் பக்கத்தை இரண்டு தடவை வாசியுங்கள். முதல் தடவை வாய்விட்டு, இரண்டாம் தடவை மனதுக்குள். இரண்டாவது தடவை கண் சறுக்கிக்கொண்டு போவது உங்களுக்கே தெரியும். அந்த ஓட்டத்திலேயே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். வரி மாறி விழுகிறது என்றால் ஓர் அட்டையை வரிக்குக் கீழே வைத்து நகர்த்துங்கள். குழந்தைத்தனம் என்று கூச்சப்பட வேண்டாம்.

மனதுக்குள் குரல் கேட்கிறதா? கேட்கட்டும். அந்தக் குரலை அடக்கினால்தான் வேகம் வரும் என்று வேக வாசிப்பு வகுப்புகளில் சொல்வார்கள். கதை வாசிப்பவருக்கு இது கெட்ட யோசனை. உரையாடலில் ஒரு கிழவி பேசுகிற தொனி, நக்கல், கோபம் எல்லாம் அந்தக் குரலில்தான் வருகிறது.

அந்த வகுப்புகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஈவ்லின் வுட் 1959இல் தொடங்கிய பயிற்சி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சொல் என்று ஆசை காட்டியது. அதிபராக இருந்தபோது ஜிம்மி கார்ட்டரே அதை எடுத்துக்கொண்டார். 2014இல் ஸ்பிரிட்ஸ் என்ற செயலி வந்தது. திரையில் ஒரே இடத்தில் ஒவ்வொரு சொல்லாக மின்னும், கண் நகரவே வேண்டாம் என்றார்கள். நகர வேண்டாம்தான், ஆனால் திரும்பிப் போகவும் முடியாது. திரும்பிப் பார்ப்பதைத் தடுத்தால் புரிதல் குறைகிறது என்று அதே ஆண்டில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கண்ணசைவு ஆய்வில் பெயர்பெற்ற கீத் ரேனரும் சக ஆய்வாளர்களும் இருக்கும் ஆய்வுகளையெல்லாம் அலசி எழுதி 2016இல் வெளிவந்த கட்டுரையின் முடிவு: வேகத்தை இரண்டு மூன்று மடங்காக்கினால் புரிதல் நிச்சயம் அடிவாங்கும், இரண்டையும் ஒன்றாகத் தரும் வித்தை எதுவும் இல்லை. மொழித்திறனும் சொல்வளமும் கூடினால் வேகம் கூடும் என்றார்கள் அவர்கள். காசு கட்டாமலேயே அது நடக்கும். அலுவலக அறிக்கையை மேலோட்டமாகப் புரட்ட அந்த வகுப்பு உதவலாம், நாவலுக்கு எதற்கு?

6. பக்கத்துக்கு ஏற்றபடி வேகத்தை மாற்றுங்கள்

இதுவரை சொன்னது தடை நீக்க. ரசனை இங்கேதான் இருக்கிறது. ஒரே நாவலை முதலிலிருந்து கடைசி வரை ஒரே வேகத்தில் வாசிப்பது, மலைப்பாதையில் ஒரே கியரில் வண்டி ஓட்டுவது.

தொடக்கத்தில் மெதுவாகப் போங்கள். ஆட்கள், உறவுமுறை, ஊர் எல்லாம் முதல் இரண்டு அத்தியாயத்தில் வந்துவிடும். ஒரு துண்டுத் தாளில் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ரஷ்ய நாவல் மொழிபெயர்ப்புகளில் ஒருவருக்கே மூன்று பெயர் வருவதைப் பற்றி எல்லோரும் புலம்புவார்கள். நம் சரித்திர நாவலில் மட்டும் என்ன, அருள்மொழிவர்மனும் பொன்னியின் செல்வனும் பின்னாளில் வரும் ராஜராஜனும் ஒரே ஆள்தானே. முதலில் பத்து நிமிடம் செலவழித்தால் பின்னால் பலமுறை புரட்ட வேண்டாம்.

உரையாடலில் வேகமாகப் போகலாம், அது காதில் விழும் வேகத்துக்கே எழுதப்பட்டது. சண்டை, துரத்தல், ரகசியம் வெளிப்படும் இடம் எல்லாவற்றிலும் வேகம் தானாக வரும், தடுக்காதீர்கள். வர்ணனையில்தான் ஆட்கள் தாவுகிறார்கள். நிலம், சமையல், வீட்டின் அமைப்பு என்று எழுத்தாளர் அரைப் பக்கம் எழுதினால் அதில் கதைக்கு வேண்டிய ஏதோ ஒன்று ஒளிந்திருக்கும். நல்ல எழுத்தாளர் என்றால். மோசமான எழுத்தாளர் என்றால் தாவுங்கள், பாவமில்லை.

வாசித்துக்கொண்டே வந்து, பக்கத்தின் கீழே வந்ததும் என்ன வாசித்தோம் என்றே தெரியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது, அல்லது தூக்கம் வந்துவிட்டது. ஒரு பத்தி பின்னால் போய்த் தொடங்குங்கள். மாறாக, ஒரு வாக்கியம் உங்களை நிறுத்தினால் நின்றுவிடுங்கள். அந்த ஐந்து நிமிடம் பக்கக் கணக்கில் வராது. வர வேண்டியதும் இல்லை.

ஒலிப்புத்தகம் கேட்கிறவர்களுக்கும் இதே கதைதான். ஒன்றரை மடங்கு வேகத்தில் வரலாறு கேட்கலாம், கட்டுரை கேட்கலாம். நல்ல குரலில் வாசிக்கப்பட்ட சிறுகதையை அப்படிக் கேட்டால் வாசிப்பவர் விட்ட மௌனமெல்லாம் நறுக்கப்பட்டுவிடும்.

7. இடைவெளியைக் குறையுங்கள்

மெதுவாக வாசிப்பவரின் உண்மையான எதிரி இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை எழுபது பக்கம் வாசித்து அடுத்த ஞாயிறு வரை மூடி வைத்தால், திரும்பத் திறக்கும்போது சித்தப்பா யார், பெரியப்பா யார் என்பதே மறந்திருக்கும். அதையே தினம் பத்துப் பக்கமாக வாசித்தால் ஆட்கள் மனதில் நடமாடிக்கொண்டே இருப்பார்கள், வாசிக்காத நேரத்திலும்.

"அப்படியானால் தொடர்கதை வாரம் ஒரு முறைதானே வந்தது?" என்று கேட்கலாம். வந்தது. பொன்னியின் செல்வன் கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்தது. ஆனால் அது அந்த இடைவெளிக்கென்றே எழுதப்பட்டது: சின்ன அத்தியாயம், கடைசியில் ஒரு கொக்கி, அடுத்த வாரம் நினைவூட்ட இரண்டு வரி. அதைவிட, வீட்டில் ஒரே இதழை நாலு பேர் வாசித்து வாரம் முழுவதும் பேசினார்கள். இன்று ஒரு நாவலை நேராகப் புத்தகமாக எழுதுகிறவர் அந்த உதவிகளைச் செய்வதில்லை. உங்களோடு அதே புத்தகத்தை வாசிக்கும் நண்பர் ஒருவர் கிடைத்தால் வாட்ஸாப்பில் பேசிக்கொண்டே போங்கள், இடைவெளி விழுந்தாலும் கதை உயிரோடு இருக்கும்.

இந்த ஆண்டு ஐம்பது புத்தகம் என்று சவால் எடுப்பதை ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள். எண்ணிக்கை வந்துவிட்டால் கை தானாக ஒல்லியான புத்தகத்துக்குப் போகும், நவம்பரில் பக்கங்கள் தாவும். கிண்டிலில் அத்தியாயம் முடிய இன்னும் இத்தனை நிமிடம் என்று கீழே காட்டும். அதையும் அணைத்துவிடலாம்.

8. மாதம் முடிந்ததும் மறுபடி அளங்கள்

முதலில் அளந்த அதே புத்தகத்தில், வாசிக்காத வேறு ஐந்து பக்கத்தில் அளங்கள். வேறு புத்தகத்தில் அளந்தால் ஒப்பிட முடியாது. பன்னிரண்டு பக்கம் பதினாறானால் போதும், அடுத்த குறுநாவலுக்குப் போகலாம். எண் அப்படியே இருந்து, பென்சில் குறிகள் மட்டும் குறைந்திருந்தாலும் முன்னேற்றம்தான். இன்னொரு மாதம் சிறுகதைகளிலேயே இருங்கள். குறிகளும் குறையவில்லை என்றால் புத்தகத்தை மாற்றுங்கள், இன்னும் எளிய உரைநடைக்கு. இருபத்தைந்தைத் தொட்டுவிட்டால் கடிகாரத்தை எடுத்து வைத்துவிட்டு, அந்த ஐந்து பாக நாவலை இப்போது எடுக்கலாம்.